பார்ட் டூவில் சிரிப்பு இருக்கிறது, மனசைத் தொடுவது ஏன் வரவில்லை?

குடியாத்தத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து எடுத்த காமெடிக் குறும்படம் ஊருக்குள் நன்றாகப் பேசப்பட்டதாம், இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறார்களாம். எழுத எழுத ஒன்று வெறும் ஜோக்காகப் போகிறது, இல்லையென்றால் ஒரே அழுகையாகப் போகிறது, நமக்கெல்லாம் ரொம்பப் பிடித்த காமெடிப் பட வரிசைகளிலும் இரண்டாவது மூன்றாவது பாகத்தில் இதே கதிதான், அப்படியென்றால் சிரிப்பையும் சென்டிமென்டையும் எத்தனைக்கு எத்தனை வைப்பது என்பது அவர் கேள்வி. கதையையும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு வருகிறேன். அவர் அளவு கேட்கிறார். ஆனால் கேள்வியை இன்னொரு தடவை படித்தால் உள்ளே வேறொன்று இருக்கிறது: முதல் பாகத்தில் தானாக வந்தது இரண்டாம் பாகத்தில் ஏன் வரவழைக்க வேண்டியிருக்கிறது? நான் பதில் சொல்லப் போவது இதற்குத்தான். இது பிடிபட்டால் அளவுக் கேள்வி பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன், அதாவது பழைய வட ஆற்காடு. சென்னையில் பல வருஷம் கதை டிஸ்கஷனில் உட்கார்ந்திருக்கிறேன், காமெடி சீன்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது காட்பாடியில் இருந்துகொண்டு, எழுத வருகிற பிள்ளைகளின் சீன் பேப்பரைப் படித்துச் சொல்கிறேன். படம் இயக்கியதில்லை, காசு போட்டு எடுத்ததும் இல்லை. ஆகவே எழுதுகிற மேஜையில் நடப்பதைப் பற்றி மட்டும்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும். நடிகர் தேதி கிடைக்காதது, ரிலீஸ் தேதியை முதலில் அறிவித்துவிட்டுக் கதையைத் தேடுவது என்று ஒரு பார்ட் டூவைக் கெடுக்க இன்னும் எத்தனையோ இருக்கிறது. அதெல்லாம் இந்தப் பதிலுக்கு வெளியே.

முதலில் இந்த பேலன்ஸ் என்ற நினைப்பே எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழ் சினிமாவில் ரொம்ப காலம் காமெடி தனி ட்ராக். என்.எஸ்.கிருஷ்ணன் தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே தயார் செய்து படங்களில் சேர்த்த காலத்தில் இருந்து வருகிற வழக்கம் அது. 1989ல் வந்த கரகாட்டக்காரனை இயக்கியவர் கங்கை அமரன், அதில் கவுண்டமணி செந்தில் காமெடியை எழுதியவர் ஏ.வீரப்பன். கதை ஒருத்தர் கையிலும் காமெடி இன்னொருத்தர் கையிலும் இருக்கும்போது எது எவ்வளவு நேரம் என்று அளந்துதான் ஆகவேண்டும், அதில் தப்பே இல்லை, அந்த முறையில் எத்தனையோ நல்ல படங்கள் வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் குறும்படம் அப்படி எழுதப்பட்டதல்ல. அதில் சிரிப்பும் நெகிழ்வும் ஒரே ஆளுக்குள் இருந்து வந்தது. அப்படி வந்த ஒன்றின் தொடர்ச்சியை இரண்டு ட்ராக்காகப் பிரித்து அளக்கப் போனதுதான் சிக்கலின் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் முருகேசன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றிலும் ஊருக்கே கேட்கப் பேசுவான். ஆனால் லுங்கித் தறி நெய்கிற அப்பாவிடம் அவனுக்கு வாய் வராது, அப்பாவும் பேசாத மனுஷன். அப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வாசலில் நின்று ‘மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்’ என்று முணுமுணுத்துவிட்டு, கேட்காமலே திரும்பிவிடுவான். திருவிழா அன்று மைக் அணையாமல் இருப்பது தெரியாமல் ஜெனரேட்டர் பாபுவிடம் அப்பாவைப் பற்றிய மனக்குறையை எல்லாம் கொட்டுகிறான், மொத்த ஊரும் கேட்கிறது, தறியில் உட்கார்ந்திருக்கிற அப்பாவும் கேட்கிறார், மறுநாள் காலை வந்து ‘சாப்டியா?’ என்கிறார். அவ்வளவுதான் படம். ஊர் முழுக்கப் பேசுகிறவனுக்கு வீட்டில் பேச்சு வராது என்பதுதான் இதில் சிரிப்பு. அழுகைக்கும் அதே காரணம்தான். எந்த இடத்தில் நிறுத்தி எவ்வளவு என்று அளப்பீர்கள்?

இரண்டாம் பாகத்துக்கு அவர் எழுதியிருப்பது: ஒரு சின்னத் தகராறில் அப்பா மறுபடி பேசுவதை நிறுத்திவிடுகிறார். மைக் அணையாமல் இருக்கிற கூத்து இந்தத் தடவை மூன்று இடத்தில், ஒன்று எம்.எல்.ஏ. மேடையில். இடைவேளைக்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி, சி.எம்.சி.யில் சேர்க்கிறார்கள், வராண்டாவில் முருகேசன் அழுகிறான். பெரிய கம்பெனிகளில் நான் பார்த்த பார்ட் டூ டிஸ்கஷன்களிலும் இதே மூன்று வேலைதான் நடக்கும். முதலில், தீர்ந்த பிரச்சினையை மறுபடி கிளப்புவார்கள். அடுத்து, போன தடவை சிரித்த இடத்தைப் பெரிதாக்குவார்கள். பெரிதாக்கியதில் மனசு காணாமல் போனதும் ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆஸ்பத்திரி சீனில் ஜனங்கள் அழுவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அழுகை முருகேசனுக்காக வருவதல்ல. யாருடைய அப்பாவை அந்தப் படுக்கையில் படுக்க வைத்தாலும் வருகிற அழுகை அது.

எழுதுகிற இடத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால் இதுதான்: முதல் பாகத்தின் முடிவில் கிடைத்த நல்லதுதான் இரண்டாம் பாகத்தின் தொல்லையாக இருக்க வேண்டும். தீர்ந்ததைத் திறக்காதீர்கள், தீர்ந்ததால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். மலையாளத்தில் 1987ல் வந்த நாடோடிக்காற்று இதற்கு நல்ல உதாரணம், சீனிவாசன் எழுதி சத்யன் அந்திக்காடு இயக்கியது. தாசன், விஜயன் என்று வேலை இல்லாத இரண்டு பேர். துபாய் என்று நம்பி மெட்ராஸ் கடற்கரையில் அரபு வேஷத்தில் இறங்குகிற சீனில் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனால் அது பசியில் இருந்து வந்த சிரிப்பு, கடன் வாங்கி மாடு வாங்கி ஏமாந்தவர்கள் கடைசியாகப் பிடித்த கயிறு அந்தப் படகு. கதைக்குள் அவர்களை சி.ஐ.டி. என்று தப்பாக நினைப்பார்கள். அடுத்த வருஷமே பட்டணப்பிரவேசம் வந்தபோது அவர்கள் நிஜமாகவே சி.ஐ.டி. ஆகியிருந்தார்கள். முன் படத்தில் தவறாக விழுந்த பட்டம், இதில் சம்பளம் வாங்குகிற உத்தியோகம். சரியான ஆரம்பம்! ஆனால் உத்தியோகம் கிடைத்ததும் பசி போய்விட்டது, பசி போனதும் முதல் படத்தின் அடிவயிற்றில் இருந்த ஏதோ ஒன்றும் கூடவே போய்விட்டது. 1990ல் பிரியதர்ஷன் இயக்கிய மூன்றாவது படம், அக்கரே அக்கரே அக்கரே, அவர்களை அமெரிக்காவுக்கே அனுப்புகிறது. அது முழுக்க முழுக்கக் கேலிக்கூத்து. எனக்குப் பிடிக்கும், டி.வி.யில் வந்தால் சேனலை மாற்ற மாட்டேன், ஆனால் நாடோடிக்காற்றை நினைத்துக்கொள்கிற மாதிரி அதை நினைத்துக்கொள்வதில்லை.

இதற்கு நேர் எதிரான வழியிலும் ஜெயித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நாம் வசூல்ராஜாவாகப் பார்த்த கதையின் இந்தி மூலமான முன்னாபாய் எம்.பி.பி.எஸ். 2003ல் வந்தது. 2006ல் ராஜ்குமார் ஹிரானி லகே ரஹோ முன்னாபாய் எடுத்தபோது முன்கதையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். முன்னா மறுபடி தனியாள், மறுபடி ரவுடி, காதலி வேறு பெண். நான் மேலே சொன்ன விதிப்படி இது விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. காரணம் என்று எனக்குத் தோன்றுவது, கதையைத் தூக்கிப் போட்டவர் ஆளைத் தூக்கிப் போடவில்லை. பொய் சொல்லிக்கொண்டு ஒரு இடத்துக்குள் நுழைகிறான், அந்தப் பொய்யே அவனைத் திருத்துகிறது. முதல் படத்தில் டாக்டர் படிப்பு, இரண்டாவதில் காந்தி. நெகிழ்வும் வெளியில் இருந்து வரவில்லை. தன் கையாள் சர்க்கியூட்டை அறைந்துவிட்டு அப்புறம் அவனிடமே மன்னிப்புக் கேட்கிற சீன் இருக்கிறதே, இரண்டு படமாக நம்மைச் சிரிக்க வைத்த ஜோடிக்கு நடுவில் நடப்பதால்தான் அது அப்படிக் குத்துகிறது. இரண்டாம் பாகத்துக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது. முதல் படத்தில் அந்த சீனை வைத்திருந்தால் பாதி பலம்கூட இருந்திருக்காது.

பாடிங்டன் இரண்டாம் பாகம் (2017, பால் கிங் இயக்கியது) பார்க்கவில்லையென்றால் எழுதுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேசுகிற கரடிக்குட்டிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வளர்த்த அத்தையின் 100வது பிறந்த நாளுக்கு ஒரு பழைய புத்தகம். அதற்குக் காசு சேர்க்கத்தான் முடிவெட்டுகிற கடைக்குப் போய் சொதப்புகிறது, ஜன்னல் துடைக்கிறது. செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போனதும், துவைக்கப் போட்ட துணியில் ஒரு சிவப்பு சாக்ஸ் கலந்து, முரட்டுக் கைதிகள் எல்லோருடைய உடையும் ரோஸ் நிறமாகிவிடுகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு சிரிப்பும் அத்தைக்குப் பரிசு வாங்கக் கிளம்பிய அந்த ஒரே ஆசை இழுத்துவிட்டது. ஆசை சின்னதாக, சொன்னால் ஒரு வரியில் முடிவதாக இருப்பதால் அதன் மேல் எவ்வளவு கோமாளித்தனத்தை ஏற்றினாலும் தாங்குகிறது.

ஜோக்கைத் திரும்பப் போடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நெகிழ்வைத் திரும்பப் போடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹோம் அலோன் முதல் படத்தில் (1990) எல்லோரும் பயப்படுகிற பக்கத்து வீட்டுக் கிழவர், உள்ளே தனிமையில் வாடுகிறவர் என்று தெரியவரும். 1992ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே இடத்தில் பூங்காவில் புறாக்களோடு இருக்கிற ஒரு அம்மா. திருடர்கள் மறுபடி வழுக்கி விழுவதற்குக் குழந்தைகள் மறுபடி சிரிக்கும், அது உடம்புச் சிரிப்பு, பழசாவதற்கு நாளாகும். ஆனால் நெகிழ்வு சூத்திரமாகிவிட்டால் பெரியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

சினிமாவை விட்டுவிட்டு நம்ம ஊர்ப் பக்கம் வாருங்கள். பங்குனியில் இருந்து ஆடி வரை செய்யாறு, ஆரணி, வேலூர்ச் சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொரு ராத்திரியும் முந்தின ராத்திரியின் அடுத்த பாகம். எல்லா ராத்திரியிலும் கட்டியக்காரன் உண்டு, கூத்தில் கோமாளி வேலை செய்கிறவன் அவன்தான். கதை ஜனங்களுக்கு முன்பே தெரியும், கட்டியக்காரன் என்ன செய்வான் என்பதும் தெரியும், ஒரு பார்ட் டூவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் நிலைமைதான். துகிலுரிதல் ராத்திரியில் அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல், துரியோதனன் விழுகிற படுகளம் வரைக்கும் முடியப்படாது. அதற்குப் பிறகு வருகிற எந்த ராத்திரியில் எந்த ஜோக் அடித்தாலும் அந்த அவிழ்ந்த கூந்தலை வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். நடந்தது நடக்காத மாதிரி யாரும் ஆட முடியாது. உங்கள் முருகேசன் ஊர் முழுக்கக் கேட்கப் பேசியதும் அப்படி ஒன்றுதான்.

கர்ண மோட்சத்தில், போருக்குப் போகிற கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற வருவான், அவள் குலத்தைச் சொல்லி அவனை ஒதுக்குவாள், புருஷனும் பெண்டாட்டியும் நேரே பேசிக்கொள்ளாத நிலை. செய்யாறு பக்கம் நான் பார்த்த ஒரு ஆட்டத்தில் கட்டியக்காரன் நடுவில் நின்று இரண்டு பேர் சொல்வதையும் மாற்றி மாற்றி எடுத்துப் போனான், போகிற வழியில் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னான். அவள் சொன்ன வசவைக் கொஞ்சலாக்கி இவனிடம், இவன் சொன்ன சமாதானத்தைச் சாப்பாட்டுக் கணக்காக்கி அவளிடம். கூட்டம் உருண்டது. அப்புறம் கர்ணன் தன் பிறப்பைப் பாட ஆரம்பித்தான், ஹார்மோனியம் இறங்கியது. கட்டியக்காரன் அங்கிருந்து விலகிப் போகவில்லை, ஜோக்கும் அடிக்கவில்லை, கர்ணன் பக்கம் ஒரு அடி, அவள் பக்கம் ஒரு அடி வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். எடுத்துப் போக முடியாத செய்தி அது. அதுவரை எல்லா வார்த்தைக்கும் எதிர்வார்த்தை வைத்திருந்தவனுக்கு வார்த்தை இல்லாமல் போனதைப் பார்த்ததும்தான் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள் முந்தானையை எடுத்தார்கள். காமெடியை நிறுத்திவிட்டு சென்டிமென்ட் ஆரம்பிக்கவில்லை அங்கே. காமெடி செய்த ஆளே அந்த இடத்தைக் கனமாக்கினான்.

பேப்பரில் இதை எப்படிச் செய்வது என்றால், சில விஷயங்கள் எனக்குத் திரும்பத் திரும்ப வேலை செய்திருக்கின்றன. மனசு கனக்கிற இடத்துக்கு முந்தின நொடி வரை சிரிப்பு ஓடலாம், ஓடுவது நல்லது, சிரித்துத் தளர்ந்திருக்கிறவனைத் தொடுவது சுலபம். கனத்த இடம் முடிந்த உடனே கவுண்டர் போடுவதுதான் கெடுதல். எழுதினவனுக்கே அந்த மௌனம் தாங்காமல் போடுகிற ஜோக் அது, தியேட்டரில் நாலு பேர் சிரிப்பார்கள், மற்றவர்களுக்கு எதையோ இழந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் யாராவது பேசியே ஆகவேண்டுமென்றால், நடந்தது என்னவென்று தெரியாத ஒருத்தன் உள்ளே நுழைந்து அவன் வேலையைப் பற்றிப் பேசட்டும். அப்புறம், முதல் பாகத்தில் கைதட்டு வாங்கிய வசனம். உங்களுக்கு அது ‘மைக் டெஸ்டிங்’. அதை இரண்டாம் பாகத்தில் ஏழெட்டு இடத்தில் போட ஆசை வரும், போட்டால் கைதட்டும் வரும். போடாதீர்கள். ஒரே ஒரு தடவை, அதுவும் முருகேசன் வாயில் இல்லாமல், மகன் அறை வாசலில் வந்து நிற்கிற அப்பாவின் வாயில் போடுங்கள். சிரிப்பதா வேண்டாமா என்று பார்க்கிறவனுக்கே தெரியாமல் போகும். ரீரெக்கார்டிங்கில் அந்த இடத்தில் வயலினைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

இனி நான் அவ்வளவு உறுதியாக இல்லாத பக்கம். எல்லா காமெடிக்கும் மனசைத் தொடுவது அவசியமா? அவசியம் என்று என்னால் சாதிக்க முடியாது. 2010ல் சி.எஸ்.அமுதன் இயக்கிய தமிழ்ப் படம் மாதிரி முழுக்கப் பகடியாகவே எடுத்தால் நெகிழ்வு அங்கே இடைஞ்சல், 2018ல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கும் யாரும் கண்ணீரை எதிர்பார்த்துப் போகவில்லை. இன்னொரு பக்கம் ராகவா லாரன்ஸின் முனி (2007), காஞ்சனா (2011) வரிசை. பேய்க்குப் பயப்படுகிற ஹீரோ என்ற சிரிப்பு அப்படியே தொடர, நெகிழ்வை ஒவ்வொரு தடவையும் புது ஆவியின் பிளாஷ்பேக் கொண்டுவருகிறது. நான் மேலே சொன்ன ஒரே ஆளுக்குள் இருந்து வருகிற முறை இல்லை இது, இரண்டு அறை வைத்த வீடு. ஆனாலும் காஞ்சனாவில் சரத்குமார் செய்த திருநங்கை கதாபாத்திரத்தின் பகுதி ஜனங்களைத் தொட்டது. பயந்தாங்கொள்ளியின் உடம்புக்குள்ளேயே அந்த ஆவி வருவதால் இரண்டு அறைக்கும் ஒரு கதவு இருந்தது என்று நான் விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். அந்த முறையை இன்னொருத்தர் எடுத்துச் செய்தால் நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

உங்கள் கதைக்கு வருகிறேன். அப்பாவை மறுபடி ஊமையாக்காதீர்கள், பேச விடுங்கள். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன், மகன் தன்னிடம் பேச ஏங்கினான் என்று தெரிந்துகொண்டதில் இருந்து பேச ஆரம்பித்து நிறுத்தவே மாட்டேன் என்கிறார். மைக் செட் ஆட்டோவில் ஏறிக்கொள்கிறார். கல்யாண மண்டபத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் கட்டியிருக்கிற லுங்கியும் வேட்டியும் எத்தனாம் நம்பர் நூல் என்று சத்தமாகச் சொல்கிறார். மைக்கைக் கேட்கிறார். எம்.எல்.ஏ. மேடையை இங்கே வைத்துக்கொள்ளலாம், இப்போது அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முருகேசன் என்ன செய்வான்? அவர் பேச ஆரம்பித்தால் பாட்டுச் சத்தத்தை ஏற்றுவான். முதல் பாகம் முழுக்க அப்பா பேசமாட்டாரா என்று தவித்தவன், இப்போது அவர் குரல் கேட்காமல் இருக்க வால்யூமைத் திருப்புகிறான். அதை அப்பா ஒரு நாள் கவனித்துவிடுகிறார். அந்த சீனுக்கு நெஞ்சுவலி வேண்டாம், சி.எம்.சி. வராண்டா வேண்டாம், ஒரு கை குமிழைத் திருப்புவதை இன்னொரு கண் பார்த்தால் போதும்.

கடைசியாக பாபுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், கமென்டில் எல்லோரும் ஜெனரேட்டர் பாபுவைத்தான் கேட்கிறார்கள், அவனுக்குத் தனிக் கதை வைக்கலாமா என்று. வைக்காதீர்கள் என்பது என் கருத்து. பாபு சிரிப்பாக இருப்பது, எதிரில் நடக்கிறது என்னவென்று அவனுக்குப் புரியாததால். அவனுக்கும் ஒரு சோகப் பின்கதை கொடுத்தால் அவன் எல்லாம் புரிந்தவனாகிவிடுவான், அப்புறம் அப்பா கண்டுபிடிக்கிற சீனில் டீசல் காசு கேட்டுக்கொண்டு உள்ளே நுழைய ஆள் இருக்காது. இரண்டு சீன் கூடுதலாகக் கொடுங்கள், அப்பாவும் பாபுவும் மட்டும் பேசிக்கொள்கிற மாதிரி; பேச ஆரம்பித்த அப்பாவுக்குப் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் அவனாக இருக்கட்டும். இப்போதைக்கு அப்பா முதன்முதலாக ஆட்டோவில் ஏறுகிற சீனை மட்டும், ஜோக் எதையும் தேடாமல், நாலு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதினதை இங்கேயே போட்டால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.